சீமைப் பனி பெய்த காம்பரா

1951ஆம் ஆண்டு டிசெம்பர் பதினெட்டாம் திகதி காலை, இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே அந்தோணிமலைத் தோட்டத்தின் ஆறாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் நாலாவது காம்பராவுக்குள் மட்டும் வெண்பனி பெய்தது. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் பெய்யவில்லை. வெளியே எப்போதும்போல் தூறல்தான். உள்ளே இடித்த அரிசிமாவுபோல வெள்ளை வெளேரென்று முகட்டிலிருந்து இறங்கி, பாய்மேலும் அம்மிமேலும் மாதா படத்தின் சட்டத்திலும் கணுக்கால் அளவுக்குப் படிந்தது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து தலையை நீட்டிப் பார்த்தார். கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று ஆளை ஏற்றித் தேடினார். ஓட்டை இல்லை. பழுதுபார்க்கும் புத்தகத்தில் ‘கூரை நன்று’ என்று எழுதிவிட்டு, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார். அவரவருக்கு அவரவர் வேலை. பக்கத்துக் காம்பரா பூரணி மட்டும் ஒரு கை அள்ளிப் பார்த்து, “அக்கா, இது நம்ம ஊரு பனி இல்ல,” என்று அந்தக் காம்பராக்காரியிடம் சொன்னாள்.

நம்ம ஊர்ப் பனி இல்லைதான். அந்தக் காம்பராவில் இருந்தவர்கள் அமிர்தநாதனும் அவர் மனைவி சிசிலியும். அவர் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் சூளைக்கு விறகு தள்ளுகிறவர், சிசிலி கொழுந்தெடுப்பவள். ஒரே மகள் சுகிர்தம். 1948 ஆரம்பத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது, பிள்ளை பார்க்க ஆயாவாக அவளையும் கூட்டிப்போனார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவாள் என்றுதான் பேச்சு. போகும்போது துரையின் கடிதம் போதுமாயிருந்தது. திரும்பி வருவதற்கு அவளுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்றார்கள். அந்த இடைவெளிக்குள் இங்கே சட்டம் மாறி, தோட்டத்துச் சனத்துக்கு நாடு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. அவளால் வர முடியாது என்றால் நாம் போவோம் என்று சிசிலி சொன்னாள். பயணத் திட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது.

சுகிர்தமே எல்லாம் எழுதினாள். ஸ்கொட்லாந்தில் குளிர்காலத்தில் துரை குடும்பம் தெற்கே போய்விடும், வீடு காலியாயிருக்கும், துரையின் மனைவி துரைச்சாணியம்மா கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்புவார், அதனால் டிசெம்பரில் வாருங்கள், கம்பளி நிறையக் கொண்டுவாருங்கள் என்று. தோட்டத்துப் பள்ளிக்கூட டக்ளஸ் மாஸ்டர் அதை வேலை முடிந்த நேரங்களில் ஏழு தடவை வாசித்துக் காட்டினார். சிசிலி மழைக்குப் போர்த்தும் தோட்டத்துக் கம்பளிகள் நாலைப் பிரித்து இரண்டு கோட்டுத் தைத்தாள். தகரப் பெட்டியில் மாசிக் கருவாடு, இடித்த மிளகாய்த்தூள், குடத்துப் புளி, ஜெபமாலை, மகளுக்கு ஒரு சீத்தைச் சேலை. அமிர்தநாதன் தன் பங்குக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் வைத்தார். சீமையில் தேயிலை கிடைக்காது என்று அவர் நினைக்கவில்லை. தான் காயவைத்தது கிடைக்காது என்று நினைத்தார். எல்லாம் சரி, பாஸ்போட்டுத்தான் இல்லை. அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். விண்ணப்பம் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோதே டிசெம்பர் பதினெட்டு வந்து, கொழும்பிலிருந்து கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. அன்று காலைதான் பனி பெய்தது.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அதே திகதியில் பெய்தது. அடுப்பு மூட்டினாலும் கரையாது, பொங்கல் கழிந்து தானாகப் போகும். பூரணி அதில் மீன் வைத்துக் கெடாமல் எடுத்துக்கொண்டாள். கிறிஸ்து பிறப்பு நத்தாருக்கு வந்த சாமியார் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

1954 ஒக்டோபரில்தான் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பு வந்தது. இங்கேதான் அமிர்தநாதன் அந்த மடத்தனத்தைச் செய்தார். மடத்தனம் என்று இன்று சுலபமாகச் சொல்கிறோம். அந்த லயத்தில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். விசாரணை என்றால் கேள்வி கேட்டு, கையோடு பாஸ்போட்டு கொடுத்துவிடுவார்கள், அப்படியே ஹட்டனில் ரயில் ஏறிவிடலாம் என்று நம்பி, தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, இருவரும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு நடந்தார்கள். பிரஜாவுரிமை அதிகாரியின் கந்தோர் வெராந்தாவில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். டக்ளஸ் மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க எண்ணமா என்று கேட்டால் ஆமென்று மட்டும் சொல்லுங்கள். அதிகாரி அதைக் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், எங்கே பயணம் என்று கேட்டார்.

“சீமைக்குங்க,” என்றார் அமிர்தநாதன். முதல்நாள்தான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார், பொய் சொல்ல வாய் வரவில்லை. “மகளப் பாத்துட்டு மூணு மாசத்துல வந்துருவோங்க.”

நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று அதிகாரி எழுதினார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. பெட்டி மறுபடி தலையில் ஏறித் தோட்டத்துக்கு வந்தது.  அந்தப் பெட்டியைப் பற்றிச் சிசிலி அவரிடம் பத்து வருஷம் பேசவில்லை. அது அவரை உள்ளுக்குள் கொன்றது. சூளையின் முன்னால் நின்றும் அவருக்குக் கை விறைத்தது. மேன்முறையீடு எழுதிப் போட்டார்கள். ஒக்டோபர் வந்தால் கோட்டுகளை வெயில் காட்டுவதும், பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை மாற்றுவதும், டிக்கெட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் போடுவதும் நிற்கவில்லை. சுகிர்தமும் ‘வரும் டிசெம்பரில்’ என்றே எழுதினாள். கடைசிக் கடிதங்களில் இருமலைப் பற்றி ஒரு வரி இருந்தது. மாஸ்டர் அதை வாசிக்காமல் தாண்டினார்.

1957 டிசெம்பர் பதினெட்டாம் திகதி பனி பெய்தபோது அதில் காலடி இருந்தது. வாசலிலிருந்து அடுப்படி வரை பதினொரு அடி. குதி உயர்ந்த சப்பாத்து, பெண்பிள்ளைக் கால். உள்ளே வந்த தடம் இருந்தது, வெளியே போன தடம் இல்லை. சிசிலி தன் சாணால் அளந்து பார்த்து, “புள்ளைக்குக் காலு வளந்திருக்கு,” என்றாள். மூன்று வாரம் கழித்துத் துரைச்சாணியம்மாவின் கடிதம் வந்தது. நெஞ்சுச் சளி முற்றி, டிசெம்பர் பதினேழாம் திகதி இரவு சுகிர்தம் இறந்துவிட்டாள், நல்ல பெண், தோட்டத்து மூலையில் அடக்கம் செய்திருக்கிறோம் என்று. மாஸ்டர் அதை ஒரே தடவைதான் வாசித்தார். அமிர்தநாதன் பனியில் முழங்காலிட்டு, அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் தலையை வைத்து அழுதார். சிசிலி அழவில்லை. அடுப்பில் தேத்தண்ணி போட்டு ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றிவைத்தாள்.

அதற்குப்பிறகு அவள் சீமைப் பயணம் பற்றிப் பேசவில்லை. போகவேண்டிய இடம் இப்போது இங்கேதான் என்றிருந்தாள். வருஷாவருஷம் தடம் வந்தது, உள்ளே வந்தது, அடுப்படியில் நின்றது. லயத்துச் சனம் கும்பிடவும் வரவில்லை, பயப்படவும் இல்லை. நாலாவது காம்பராவுக்கு மகள் வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்வார்கள்.

1964 நவம்பரில் மேன்முறையீட்டு விசாரணை வந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களை லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை கோட்டு இல்லை. தகரப் பெட்டியை மட்டும் சிசிலி தானே தூக்கிக்கொண்டாள். புது அதிகாரி, இளவயது, மரியாதையானவர். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க எண்ணமா என்று கேட்டார். புருஷனை முந்திக்கொண்டு அவள் பதில் சொன்னாள்.

“ஆமாங்க. மக இங்கதான் இருக்கா. வந்தவ திரும்பிப் போகல.”

பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு தட்டில், போன டிசெம்பரில் வெட்டியெடுத்த ஒரு காலடி, பனியோடு, பதினொரு மாதமும் கரையாமல் இருந்தது. அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்தார். கிளாக்கரையும் கூப்பிட்டுக் காட்டினார். பனிதான், அதில் தனக்குச் சந்தேகமில்லை என்றார். ஆனால் இது இன்னாருடைய கால் என்பதற்கும், அவர் இந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பதற்கும் பிறப்புப் பத்திரம் வேண்டுமே என்றார். சுகிர்தம் பிறந்தபோது கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மெய்யாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே எழுதினார்.

மேன்முறையீடும் தள்ளப்பட்டு, இந்தியாவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் இருவர் பேரும் ஏறியது. கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீடு திரும்பும்போது பெட்டியை அமிர்தநாதன் வாங்கப் போனார். “நீங்க வேணாம், கை விறைக்கும்,” என்றாள் சிசிலி. பத்து வருஷத்தில் பெட்டியைப் பற்றி அவள் அவரிடம் பேசியது அதுதான்.

அந்த டிசெம்பரிலும் திகதி தவறாமல் பனி பெய்தது, தடம் வந்தது. சிசிலி பூரணியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “நாங்க போனப்புறம் இதுக்குள்ள யாரு குடிவந்தாலும் மார்கழியில கதவத் தாழ் போடாமப் பாத்துக்க புள்ள. அவ தட்ட மாட்டா.”

“சரிக்கா. அடுப்பையும் மூட்டச் சொல்றேன்,” என்றாள் பூரணி. பிறகு கொஞ்சம் யோசித்து, “அம்மா எங்கன்னு தேடுனா என்னக்கா சொல்றது?” என்றாள்.

“ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு.”

“எந்த ஊருக்குன்னு கேட்டா?”

பட்டியலில் இந்தியா என்று மட்டும்தான் இருந்தது. இருவரும் தடங்களை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப்போய் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொதித்ததும் பூரணி கோப்பைகளை எடுத்தாள், ஒன்று கூடுதலாக.