கேமராவுக்குத் தெரியாத தூண்

எங்கள் கண்காணிப்பு அறை பேருந்து நிலையத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு திரைகள், இரண்டு நாற்காலிகள். எனக்கு எப்போதும் இரவுப் பணிதான். அன்று பகலில் வரவேண்டியவனுக்குப் பல்வலி என்பதால் நான் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் கழுகு. வேலையில் எனக்கு மூத்த பெண்மணி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எவ்வளவு கூட்டத்திலும் ஜேப்படிக்காரனைக் கண்டுபிடித்துவிடுவதால் அந்தப் பெயர்.

"தம்பி, ஆறாம் திரையைப் பாரு. மூணு பஸ்ஸை விட்டுட்டா. எவனுக்கோ காத்திருக்கா போல. அவன் வரமாட்டான், வேலை நமக்குத்தான்."

பார்த்தேன். வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் பதினோராம் மேடை. கடைசி பெஞ்சில், பள்ளிச் சீருடைக்கு மேல் தொளதொளவென்று ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒரு பெண். அந்த ஜாக்கெட் என்னுடையது.

"அது என் பொண்ணு, அக்கா."

கழுகு கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

பள்ளி வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்திருந்தால் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும் என்பது விதி. காவலாளிகள் இரண்டு பேர் போய்க் கையோடு கூட்டிவருவார்கள். ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். நானே எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படி வந்த பிள்ளைகள் யாரும் வாய் திறந்து பேசியதில்லை.

"அம்பது நிமிஷம் ஆயிடுச்சு. உனக்குப் பத்து நிமிஷம் தரேன்."

போன் செய்தேன். திரையில் அவள் என் பெயரைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா. இப்பதான் இன்டர்வெல் விட்டாங்க."

"சாப்பிட்டியா?"

"ஓ, டப்பா காலி." சிரித்தாள்.

சிரிப்பு காதில் கேட்டது. திரையில் கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. டப்பா மூடியபடியே பக்கத்தில் இருந்தது.

இந்தக் குரலைத்தான் மாதக்கணக்கில் நம்பியிருந்தேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் படித்துக்கொண்டிருப்பாள்; திரும்பும்போது பள்ளிக்குப் போயிருப்பாள். நடுவில் போன்தான். குரல் நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

"கண்ணைத் தொடச்சுக்கோ." வாய் தவறி வந்துவிட்டது.

 அவள் தலையைத் தூக்கிக் கூரையில் தேடி, கேமராவைக் கண்டுபிடித்தாள். திருடனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"பாத்துட்டிருக்கீங்களா?"

"ஆமா."

எழுந்தாள். பை தோளில் ஏறியது. எதிரே வெளியூர்ப் பேருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

கழுகின் கை வயர்லெஸ்ஸுக்குப் போனது.

"வேணாம்க்கா."

"ஏறிட்டா எந்த ஊர்ல போய்த் தேடுவே?"

போனில் அவள் மூச்சு இரைத்தது. "கிளாசுக்குள்ள போனா மூச்சு முட்டுதுப்பா. கையெல்லாம் நடுங்குது. வாசல் வரைக்கும் போறேன், அதுக்கு மேல முடியல. ஒன்பது நாளாச்சு. உங்ககிட்ட சொன்னா, 'என்னை மாதிரி படிப்பைப் பாதியில விட்டுட்டு ராத்திரி முழிச்சுக் கெடக்கப் போறியா'ன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். வாரத்துக்கு இரண்டு முறை கேட்பதுதான்.

புத்தி சொன்னால் படியில் கால் வைத்துவிடுவாள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்த நிலையம் ஒன்றுதான்.

"இடது பக்கம் மஞ்சள் தூண் இருக்கு பாரு. அதுக்குப் பின்னாடி எந்தக் கேமராவும் எட்டாது. நானும் பாக்க முடியாது. அங்க போய் இரு, வரேன். திட்ட மாட்டேன்."

"பொய்."

"திட்டினா அடுத்த பஸ்ல ஏறிக்கோ. அரை மணிக்கு ஒண்ணு இருக்கு."

கழுகு என்னை முறைத்தார். கேமரா எட்டாத இடத்தை வெளியில் சொன்னால் வேலை போய்விடும்.

"படிக்கட்டுல சிக்னல் இருக்காது. நான் போனை வெச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

 உள்ளே வந்த இன்னொரு பேருந்து திரையை மறைத்தது. அது நகர்ந்தபோது பெஞ்ச் காலி. வெளியூர்ப் பேருந்தின் கதவு மூடியிருந்தது. பன்னிரண்டு திரைகளில் எதிலும் அவள் இல்லை.

"ஓடு," என்றார் கழுகு. "அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் கூப்பிட்டுடுவேன்."

நாற்பத்தெட்டுப் படிகள். பாதியிலேயே போன் செத்தது. மேலே வந்தபோது வெளியூர்ப் பேருந்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கூடவே ஓடி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். ஜாக்கெட் தெரியவில்லை. கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமாகாது. என் வேலை கற்றுக்கொடுத்த பாடம் அது.

தூணுக்குப் பின்னால் முதலில் தெரிந்தது ஷூ. தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இணைப்பு அறுந்துபோன போன் இன்னும் காதிலேயே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல நிறைய இருந்தது. எதை ஆரம்பித்தாலும் திட்டில் போய் முடியும் என்று தோன்றியதால் விழுங்கினேன்.

"எத்தனை நாளா பாக்கறீங்க?"

"இன்னிக்குத்தான். ராத்திரியில நீ வர்றதில்லையே."

அவள் வாயோரம் லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா," என்றாள். நான் போனில் கேட்டே அறியாத குரல்.