கப்பலுக்குச் சொல்லாதது

காலை பதினொன்று ஏழுக்கு ரோச் இறந்துவிட்டதாக தெருவின் ஜெபக்குழுவான அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, சட்னி தண்ணீராக இருக்கிறது என்று மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

விக்டோரியாவின் போன் அடித்தது. மணப்பாட்டிலிருந்து சின்னம்மா மகள். எடுத்ததும் அழுதாள்.

"என்னளா? எதுக்கு அழுத?"

"அக்கா, மச்சான் எப்படிக்கா..."

"சட்னி சரியில்லங்காவ."

அழுகை நின்றது.

"இல்லக்கா, நாங்க வேன் பிடிச்சிட்டோம்."

அடுத்துக் கோயில் உபதேசியார். துக்க மணி இப்போதே அடிக்கலாமா, மகன் வரும்வரை பொறுக்க வேண்டுமா என்று கேட்டார். அடுத்து ஒரு பந்தல்காரர். நாற்காலி ஐம்பது போதுமா என்றார். பதினொன்றரைக்குள் பதினான்கு பேர். எல்லோருக்கும் விக்டோரியா ஒரே பதிலைச் சொன்னாள். இரண்டு பேர் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்து, பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னார்கள்.

மகள் விஜிலா குரூப்பைத் திறந்து மேலிருந்து படித்தாள்.

ரோச்சுக்கு நேற்று குடலிறக்க ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான். முப்பது வருஷம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவருக்கு மயக்க ஊசி என்றால் பயம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் சாமியாரை வீட்டுக்கு வரவழைத்து நோயில் பூசுதல் வாங்கிக்கொண்டார். சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அந்த எண்ணெய் என்பது தெருவின் நினைப்பு. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு படியேறியதை எதிர்வீட்டு ஈவாஞ்சலின் பார்த்துவிட்டாள். இன்று காலை குரூப்பில் போட்டாள்: ரோச் அண்ணனுக்கு எண்ணெய் பூசியாச்சு, ஜெபிக்கவும்.

அதன் கீழே கும்பிட்ட கைகள் பன்னிரண்டு. பதின்மூன்றாவது ஆள் ஆர்ஐபி என்று போட்டார். அதற்குப் பின் வந்தவர்கள் மேலே போய்ப் படிக்கவில்லை. பதினொன்று ஏழுக்கு சிலுவை என்பவன், விஜிலா கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டி, வெள்ளை ரோஜா வைத்து, வயதும் போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துவிட்டான். அரை மணி நேரத்தில் பாதி ஊரின் ஸ்டேட்டஸில் அது இருந்தது.

ரோச் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு வயசக் கூட்டிட்டானே பய."

ஈவாஞ்சலின் பன்னிரண்டு மணிக்குப் பிளாஸ்க்கோடு வந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று காப்பி போட்டு எடுத்து வந்திருந்தாள். நிஜம் தெரிந்தது பாதி வழியில்.

"யக்கா, நான் ஜெபிக்கத்தானக்கா சொன்னேன்."

"கீழ அழுற பொம்மை போட்டது யாரு?"

"எல்லாரும் போடும்போது நான் மட்டும் போடலன்னா என்ன நெனைப்பாவ?"

"இவ்வோ சாகலன்னு நெனைப்பாவ."

"காப்பி சூடா இருக்கா?" என்றார் ரோச். "இருந்தா ஊத்து."

விஜிலா குரூப்பில் மறுப்பு எழுதினாள். அதற்கும் கும்பிட்ட கைகள் வந்தன.

பன்னிரண்டே முக்காலுக்கு இனிகோவின் செய்தி வந்தது. இனிகோ மகன். சரக்குக் கப்பலில் பயிற்சி இன்ஜினியர்.

"ஸ்டேட்டஸ் பாத்தேன். அடக்கத்த நிறுத்தி வைங்க. நான் எறங்குதேன்."

கப்பல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. நம் நேரம் நாலு மணிக்கு கரையிலிருந்து ஏஜென்ட்டின் லாஞ்சுப் படகு வரும். அதில் ஏறிவிட்டால் முடிந்தது. ஆறு மாதம் கடலில் இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது. இந்தக் கப்பல் கிடைக்கவே இரண்டு வருஷம் வீட்டில் காத்துக் கிடந்தான். நடுவில் இறங்கியவனை இன்னொரு கம்பெனி லேசில் எடுக்காது.

கப்பலுக்கு எழுத்தும் படமும் பதிவு செய்த குரலும் போகும். நேரடி போன் கால் போகாது. விஜிலா அடித்தாள்: அப்பா நல்லா இருக்காவ. இட்லி சாப்பிட்டாவ.

பதில் உடனே வந்தது.

"தாத்தாவும் இட்லி சாப்பிட்டாவன்னுதான் சொன்னீங்க."

விஜிலா அதை இன்னொரு முறை வாசித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

கப்பலில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்வதில்லை. இந்தத் தெருவில் அதுதான் வழக்கம். கேட்டாலும் வர முடியாது. தனியாகக் கிடந்து அழுவான். இன்ஜின் ரூமில் கை பிசகும். அவன் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபின் சொல்வார்கள். ரோச்சின் அப்பா நவம்பரில் இறந்தார். கிறிஸ்துமஸுக்குக் குடும்பப் படம் கேட்டான் இனிகோ. விஜிலா தாத்தாவை நடுவில் உட்கார வைத்து, கையில் கேக்கும் கொடுத்து, ஒரு படம் செய்து அனுப்பினாள். நன்றாக வந்திருந்தது. ஜனவரியில் சித்தப்பா மகன் கல்லறைப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். அப்படித்தான் இனிகோவுக்குத் தெரிந்தது.

"இன்னிக்குப் பேப்பரக் கையில குடுத்துப் போட்டோ எடுங்க," என்றாள் ஈவாஞ்சலின்.

எடுத்தார்கள். தேதி தெரியும்படி ரோச் பேப்பரை நெஞ்சில் பிடித்துக்கொண்டார். போலீஸ் பிடித்த ஆள் போல இருந்தார்.

"தாத்தா கையில கேக்கு வச்சவதான நீ," என்று பதில் வந்தது.

விஜிலா அம்மாவைப் பார்த்தாள். "நீங்கதானம்மா செய்யச் சொன்னீங்க."

"இவ்வளவு நல்லா செய்வேன்னு நான் கண்டேனா?"

விக்டோரியா போனைப் பிடுங்கி, மாதா மேல் ஆணையாக அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தானே எழுத்து எழுத்தாக அடித்தாள். தாத்தாவுக்கும் இதே ஆணைதான் என்று அவன் எழுதினான். போனைக் கட்டிலில் எறிந்தாள். அது ரோச்சின் காலில் விழுந்தது.

"உயிரோட இருக்கவனக் கொல்லுதியளா?" என்றார் ரோச்.

அவரே பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். தையல் இழுக்கும் என்பதால் மெதுவாகப் பேசினார். லே, நான் இருக்கேன்லே, இறங்காத. கேட்கும்போது சாகப் போகிறவரின் குரலாகத்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேச வைத்து எடுத்துவிட்டீர்கள் என்று இனிகோ எழுதினான்.

மூன்றேகாலுக்கு மணப்பாடு வேன் வந்தது. பதினோரு பேர். வாசலில் நின்று ரோச்சைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற கிழவரின் கையில் மாலை இருந்தது.

"இத என்ன செய்ய?" என்றார்.

"வேன்ல போடுங்க," என்றாள் விக்டோரியா.

மூன்று முப்பத்தைந்துக்கு இன்னொரு செய்தி. பெட்டி கட்டிட்டேன்.

ரோச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "விஜிலா மட்டும் இருக்கட்டும். மத்த ஆளெல்லாம் வெளிய போங்க."

போனார்கள். விக்டோரியா போகவில்லை.

"நீயும்தான்."

"நான் எதுக்குப் போகணும்? அவன் எனக்கும் மகன்தான்."

"விக்டோரியா, சொன்னாக் கேளு."

"முடியாது."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இரி." விஜிலா போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"லே இனிகோ. ரெண்டு மணிக்குப் புதுக்கோட்டைல இருந்து தளவாய் போன் பண்ணினாரு. நான் செத்துட்டேன்னு துட்டி கேக்க. உங்க அம்மா மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. நான்தான் எடுத்தேன். என் குரலக் கேட்டுட்டு மனுசனுக்குப் பேச்சே வரல. பெறவு, போன மாசம் உங்க அம்மாவுக்குத் தெரியாம நான் அவரு வீட்டுக்குப் போயிப் பொண்ணு கேட்டப்ப முடியாதுன்னது தப்புதான், நீ ஆசப்பட்ட பிள்ளைய நம்ம வீட்டுக்கே தாரேன்னுட்டாரு. நாங்க சொன்னா நீ நம்ப மாட்ட. சந்தனச்செல்விட்ட கேளு. அவ உங்கிட்ட எதையும் மறைக்கலலா. கேட்டுட்டு, கப்பல்லயே கெட."

விஜிலா விரலை எடுத்தாள். அனுப்பியாயிற்று. ஒற்றை டிக்.

விக்டோரியா பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தாள். மூடி மரையில் உட்காரவில்லை. திரும்பத் திரும்பத் திருகினாள்.

மூன்று ஐம்பதுக்கு இரண்டு டிக். பிறகு நீலம். எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. ரோச் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது.

"எறங்கலயாம்," என்றாள் விஜிலா. "சந்தனச்செல்விட்ட கேட்டுட்டானாம். சீஃப் இன்ஜினியர்ட்டயும் சொல்லிட்டானாம்."

ரோச் தலையணையில் சாய்ந்தார். விக்டோரியா நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். போன் மறுபடி அதிர்ந்தது. விஜிலா பார்த்துவிட்டுத் திரையைக் கவிழ்த்தாள்.

"வாசிளா," என்றாள் விக்டோரியா.

"ஒண்ணுமில்லம்மா."

"வாசி."

விஜிலா வாசித்தாள்.

"அப்பா, நீங்க பேசும்போது அம்மா பக்கத்துல இருந்தாவளா?"