மனைவி பெயரில் ஒரு கணக்கு

“பதினோரு பக்கமா? உங்க ஆபீஸ் விசாரணைக் கமிட்டி கேட்டது சின்ன விளக்கம்தானே சார்?”

“மனசாட்சிப்படி எழுதினேன் மேடம்.”

“மனசாட்சிக்கு ஒரு பக்கம் பத்தாதா? இப்ப போலீஸ் ஃபைல்ல இதுதான் முதல் காகிதம்.”

வக்கீலம்மா தாள்களைப் புரட்டினார். எதிரே கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தவர் பங்குத் தரகு நிறுவனமொன்றின் மேலாளர். ஊரார் ஒப்பந்தங்களில் ஓட்டை கண்டுபிடித்தே பதவி உயர்வு வாங்கியவர். தன் வாக்குமூலத்தை மட்டும் வக்கீலிடம் காட்டாமல், எழுத்துப்பிழை திருத்தி, அழகான உறையில் போட்டு, கமிட்டியிடம் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் உள்ளம் நொறுங்கியிருந்தது. ஏழாம் பக்கத்தில் மறுபடியும் நொறுங்கியிருந்தது. எழுதிய அன்று அந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. இன்று காது சிவந்தது.

“வெளியே வராத சேதியை வச்சுப் பங்கு வாங்கினது உங்க மிஸஸ் பேர்ல. சரிதானே?”

பக்கத்தில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். பத்து வருஷமாக அவர் பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள். எதற்கென்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். “உனக்குப் புரியாது” என்றார். அன்று நீட்டிய பத்திரம் அவருக்கும் முழுசாகப் புரிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

“இவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு இதுல எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?”

அவர் தாள்களை வாங்கித் தேடினார். நிறுவனத்திடம் மன்னிப்பு இருந்தது. வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பு இருந்தது. காவலாளியிடம்கூட இருந்தது. மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை.

“அது நல்லதாப் போச்சு,” என்றார் கூட வந்திருந்த அவருடைய அண்ணன். “இவன் போன்ல பேசினதை ஒட்டுக்கேட்டு, அவளே வாங்கிட்டான்னு சொல்லிடலாமே? பொம்பளைன்னா ஜட்ஜு இரக்கப்படுவாரு. இவனுக்கு லைசென்ஸ் போயிடும். வீட்டுல இருக்கிறவளுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?”

மேலாளர் மறுத்திருக்க வேண்டும். மறுக்க நல்லதாக ஒரு வாக்கியம் தேடினார். பதினோரு பக்கம் எழுதிய மகானுக்கு அரை வரி அகப்படவில்லை. கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்றே?” என்றார். கேட்டதுமே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியை மேசை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மேடம், நீங்க இவரோட வக்கீல். எனக்குன்னு யாரும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வக்கீலா ஒருத்தர் பேர் சொல்லுங்க.”