சோதனைக்காக ஓர் அவசர அழைப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அட்டவணை அக்கா. இணையதளம் வேண்டுமென்று ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் போதும், அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எந்த வாரம் வடிவமைப்பு, எந்த வாரம் சோதனை, என்றைக்கு வெளியீடு என்று சுவரில் வண்ணச் சீட்டுகளை ஒட்டிவிடுவாள். "உங்க கல்யாணத்துக்கும் சீட்டு ஒட்டுனீங்களாக்கா?" என்று கேலி செய்வார்கள். ஒட்டினாள்தான். அவள் கணவனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் பல் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். லட்சத்தில் ஒருவருக்கு இருக்கிற மாதிரியான அபூர்வ ரத்தம் அவருக்கு. அதே ரத்தம் உள்ளவர்களைத் தேடித் தேடிப் பிடித்து ஒரு சங்கம் நடத்தி வந்தார். யாருக்காவது ஆபத்து என்றால் பல் பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு ஒவ்வொருவருக்காகப் போன் போடுவாராம். இனிமேல் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களே தளத்தில் விவரம் போட்டால், எல்லோருடைய கைபேசிக்கும் உடனே செய்தி போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோம்மா," என்றார் டாக்டரம்மா. "எங்க ஆளுங்களுக்கு வேற யார் ரத்தமும் சேராது. அதனால கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாங்க. ஒரு தடவை பொய்யாக் கூப்பிட்டுட்டா, அடுத்த தடவை யோசிப்பாங்க. அவங்க யோசிக்கிற நேரத்துல ஒரு உசுரு போயிடும்."

அட்டவணை அக்கா அதையும் ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டினாள். எழுதி ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று நினைக்கிற ரகம் அவள்.

சோதித்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மாதிரி விவரம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு மாதிரியாவது மண்ணாவது! சங்கத்து ஆட்களின் நிஜ எண்களை அப்படியே அனுப்பிவிட்டார். 'எண்களைப் பொய் எண்களாக மாற்று' என்று இவளும் சீட்டு ஒட்டத்தான் செய்தாள். ஆனால் அதே வாரம் டாக்டரம்மா தளத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு ரத்தச் சிவப்பாவே இல்லையே, தக்காளி மாதிரி இருக்கே," என்று ஆரம்பித்தார். நிறத்தை மாற்றுவதிலேயே நான்கு நாள் ஓடியது. எண்களை மாற்றும் சீட்டைக் கழற்றி அடுத்த வாரத்துக் கட்டத்தில் ஒட்டினாள். சோதனைச் சீட்டு மட்டும் இந்த வாரத்துக் கட்டத்திலேயே இருந்தது.

தளத்தைச் சோதிக்கிற பெண்ணுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. தன் கைக்கடிகாரத்தையே நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறவள். அன்று காலை விண்ணப்பத்தைத் திறந்து, நோயாளி பெயர் 'அட்டவணை அக்கா' என்று அடித்தாள். ஆஸ்பத்திரிகளின் பெயர்கள் இன்னும் ஏற்றப்படாததால், இடத்துக்கு அலுவலக முகவரியையே போட்டாள். நிலைமை என்ற கட்டத்தில் 'ரொம்ப மோசம்' என்று சிரித்துக்கொண்டே அடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் 'வருகிறேன்' என்று ஒரு பதில் வந்தது.

"அக்கா, வேலை செய்யுது!"

இன்னொரு 'வருகிறேன்'. அப்புறம் 'கிளம்பிவிட்டேன்'. அப்புறம் 'பேஷண்டைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க'.

"நீ எத்தனை போன்ல சோதிக்கிற?"

"என் போன் ஒண்ணுதான்கா. ஆனா இதுக்கு இன்னும் ஒண்ணுமே வரலையே…"

அட்டவணை அக்கா சுவரைப் பார்த்தாள். அடுத்த வாரத்துக் கட்டத்தில் அந்தப் பொய் எண் சீட்டு சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி ஓடி வந்தார். "வேற ஆள் கிடைச்சுட்டாங்க, நன்றின்னு தட்டி விடும்மா. யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அட்டவணை அக்கா அதை அடிக்கவும் செய்தாள். பொய்தான், ஆனால் யாருக்கும் நோகாத பொய். அனுப்ப விரலை வைக்கிற நேரத்தில் கதவு திறந்தது. பேருந்து ஓட்டுநர் உடையில் ஒருவர், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியே வைத்திருந்தார்.

"பேஷண்ட் எங்கம்மா?"

அவள் அந்தக் கையையே பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு மனிதர், இவளுக்காக, இவள் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் படியேறி ஓடி வந்திருக்கிறார். அடித்ததை அழித்தாள். 'யாருக்கும் ஆபத்து இல்லை. சோதனை செய்யும்போது நடந்த தவறு. தவறு என்னுடையது. மன்னியுங்கள்' என்று அனுப்பினாள். பிறகு ஓட்டுநரிடம் அதையே வாயால் சொன்னாள். டாக்டரம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் போன் வைக்கப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

செய்தி போய் என்ன, பாதி வழி வந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். சிமென்ட் படிந்த காலோடு ஒரு கொத்தனார். வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியையிடம் விட்டுவிட்டு வந்த டீச்சர். கைக்குழந்தையோடு ஒரு தகப்பன். ஒவ்வொருவரிடமும் அவள் கைகூப்பி அதையே சொன்னாள். "விளையாட்டா இது? எங்க உசுரோட விளையாடுறீங்களா?" என்று கொத்தனார் கத்தியபோது, முதலாளி தன் அறைக்குள் நைசாக நழுவினார். அவள் அசையாமல் நின்று திட்டு வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தார். அவளைத் திட்டத்தான் வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் ஓர் அழைப்புக்கு ஒருவர் இருவர்தான் தேவைப்பட்டார்கள். வருவார்கள், கொடுப்பார்கள், போய்விடுவார்கள். இத்தனை பேரையும் ஒரே அறையில் அவரே பார்த்ததில்லை. அவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"நீங்களும் நம்ம ஆளா?" என்று டீச்சர் கொத்தனாரைக் கேட்டாள்.

"ஆமாங்க."

"போன வருஷம் எனக்கு ஆபரேஷன். யாரோ கொடுத்தாங்க. நீங்களாக்கூட இருக்கலாம்."

கொத்தனாருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அட்டவணை அக்கா வாயைப் பிளந்தபடி நின்றாள். எப்பேர்ப்பட்ட கூட்டம் இது! வெறும் எண்கள் என்று நினைத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளி ஒட்டினாளே, அந்த எண்கள் கால் முளைத்து வந்து நாற்காலி போதாமல் நிற்கின்றன.

ஒருவர் மட்டும் பாக்கி. 'கிளம்பிவிட்டேன்' என்று தூரத்து ஊரிலிருந்து அனுப்பியவர், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. எல்லோரும் போன பிறகும் அவள் கீழே தெருவாசலில் நின்றாள். டாக்டரம்மாவும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்றார்.

சாயங்காலம் ஒரு மனிதர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "போன்ல சார்ஜ் போயிடுச்சு… பஸ் மாறி வர லேட்டாயிடுச்சு… பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

"நான்தாங்க அது. எனக்கு ஒண்ணும் இல்ல. தப்பாப் போன செய்தி. என் தப்பு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு நம்ம ரத்தமா?"

"இல்லீங்க. எல்லாருக்கும் இருக்கிற சாதா ரத்தம்."

"அட! அப்ப நெஜமாவே நீங்க சாகக் கெடந்தாலும் நான் இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்க வேண்டியதே இல்ல," என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தார். "அப்பாடா. யாருக்கும் ஒண்ணும் இல்லையே, அது போதும்."

டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் படியில் உட்கார்ந்தவரிடம் கேட்காமல் விட முடியவில்லை.

"அடுத்த தடவை செய்தி வந்தா… யோசிப்பீங்களா?"

"என்னம்மா கேள்வி இது?" என்றார் அந்த மனிதர். "கூப்பிட்டா வராம இருப்பாங்களா?"

அதுவரை சுருட்டியே வைத்திருந்த சட்டைக் கையை அப்போதுதான் இறக்கிவிட்டார்.