பதினேழாம் இலக்கப் பெட்டி

காரைதீவுச் சந்தியில் நின்றுபோன வெள்ளைக் காரை லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து கடை வாசலில் விட்டபோது, ஜவுபர் அன்றைக்கு நாலாவது ஓல்டனேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். யுத்தம் முடிந்து மூன்று மாதம். பாதைகள் திறக்கத் திறக்க, வருஷக்கணக்காகக் கொட்டிலில் கிடந்த வாகனங்களையெல்லாம் ஆட்கள் வெளியே எடுத்தார்கள். கல்முனையில் வாகன மின்வேலை தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். வேலை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது இல்லாததால் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான்.

காரிலிருந்து இறங்கியவர் தன்னைத் தங்கராசா என்றார். ஆலையடிவேம்பில் வாடகைக் கார் ஓடுகிறவர், அறுபதை எட்டிய ஆள். பேசத் தொடங்குமுன் வாசலில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார்.

“பிளக் மாத்தியாச்சு. பெற்றோல் பம்ப் மாத்தியாச்சு. கொயிலும் மாத்தியாச்சு,” என்றார். “ஓடும் தம்பி. நல்லாத்தான் ஓடும். மறுகா சொல்லாமக் கொள்ளாம நிண்டிரும். ஆறவிட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ராட் எடுக்கும். முந்தி ரெண்டு மணித்தியாலம் ஓடினது, இப்ப அரை மணித்தியாலமும் தாங்குதில்ல.”

“தூரம் போறதா அண்ண?”

“செட்டிகுளம் போகணும். மகள் அங்க சண்டைக்குள்ளால வந்த சனத்தை அடைச்சு வெச்சிருக்கிற முகாமில இருக்காள். தக்சாயினி. புதுக்குடியிருப்பில கலியாணம் முடிச்சவள். ரெண்டு தரம் வெளிக்கிட்டன். முதல் தரம் வெலிக்கந்தையில நிண்டுது, திரும்பி வந்தன். ரெண்டாந்தரம் ஹபரணைச் செக்பொயின்ற்றுக்கு முன்னால நிண்டுது.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வடக்கு நோக்கிப் போகிற தமிழ் ஆளின் கார், இராணுவச் சோதனைச்சாவடிக்கு முன்னால் தானாக நின்றால் என்ன நடந்திருக்கும் என்று ஜவுபருக்குத் தெரியும்.

கார் ஆறியிருந்தது; முதல் திருப்பிலேயே இயங்கியது. ஜவுபர் அதை வாசலிலேயே ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றான். இருபது நிமிஷத்துக்கெல்லாம் இயந்திரம் மூச்சை விட்டது. உடனே திறப்பை மறுபடி திருப்பிப் பார்த்தான். டேஷ்போட்டில் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கு எரியவில்லை. பிளக்கில் நெருப்பில்லை. பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டரில் சோதனை பல்பைக் கொடுத்தால் துடிப்பில்லை. நெருப்பும் பெற்றோலும் ஒரே நேரத்தில் போனால், இரண்டுக்கும் கட்டளை கொடுக்கிற இடத்தில்தான் பிழை. அந்த இடம், இடப்பக்க ஆசனத்தில் இருப்பவரின் காலடியில், தகட்டுக்குப் பின்னால் இருக்கிற கொம்பியூட்டர் பெட்டி.

தகட்டைக் கழற்றி மீட்டரை வைத்தான். பெட்டிக்குள் போகிற பன்னிரண்டு வோல்ட் சரியாக இருந்தது. பெட்டியிலிருந்து சென்சர்களுக்கு வரவேண்டிய ஐந்து வோல்ட் வரவில்லை. கொஞ்சம் ஆறியதும் வந்தது.

அவனுக்கு அது போதாது. இவரிடம் ஏற்கெனவே மூன்று பேர் நிச்சயமாகச் சொல்லி மூன்று சாமான்களை மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கும் நபீலாவிடம் போய் முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி வந்தான். காரை மறுபடி இயக்கி, சூட்டுக் காற்றைப் பெட்டிக்கு மட்டும் பிடித்தான். மூன்றாவது நிமிஷம் இயந்திரம் நின்றது. ஈரத்துணியைப் பெட்டியில் சுற்றினான். ஐந்து நிமிஷத்தில் திரும்ப இயங்கியது. இன்னொரு தரமும் அப்படியே செய்து காட்டினான்.

“இதுதான் அண்ண. வேற ஒண்டுமில்ல.”

தங்கராசா பெட்டியைப் பார்த்தார். “இந்தச் சின்னச் சாமானா?”

ஜவுபர் அதை மேசைக்குக் கொண்டுபோய் நாலு திருகாணிகளையும் கழற்றினான். பலகையின் ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கம்பிகள் ஊன்றிய இடங்களில் வெள்ளையாக உப்பு. மூலையில் ஒரு நுள்ளு மணல். மூடியைத் திருப்பியபோது, உட்பக்கத்தில் கறுப்பு மையால் ‘17’ என்று எழுதியிருந்தது. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. ஜவுபர் ஏழு எழுதுவது அப்படித்தான்.

மூடியைக் கவிழ்த்து வைத்தான்.

2005ஆம் ஆண்டு மாசியில், சம்மாந்துறைப் பக்கம் ஒரு களத்துமேட்டில் நாற்பது வாகனங்கள் நின்றன. சுனாமியில் கடல் தூக்கி எறிந்தவை. வெளியூர் முதலாளி ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, உயிர்ப்பிக்க ஜவுபரைப் பிடித்தார். கடையும் வீடும் போய், அவனும் மனைவி மைமூனாவும் மருதமுனையில் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். கொட்டிலில் இருக்க முடியாமல்தான் அவன் போனான். ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, சாக்கில் பரப்பி வெயிலில் காயவைத்தான். மாறிப் போகாமலிருக்க இலக்கம் போட்டான். உப்பு உள்ளே இருக்கும், இரண்டு வருஷத்திலோ நாலு வருஷத்திலோ தின்னத் தொடங்கும் என்று அவனுக்குத் தெரியும். பூச்சு மாற்றி, சுனாமியைக் காணாத கார் என்று தூர ஊர்களில் விற்பார்கள் என்பதும் தெரியும். அந்த நாட்களில், யாரும் எங்கேயும் போய்ச் சேரவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“கடல்காத்துப் பிடிச்சிரிக்கா?” என்று தங்கராசா பின்னால் வந்து நின்று கேட்டார்.

ஓம் என்று சொன்னால் முடிந்தது. அவரே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“எங்க வாங்கின கார் அண்ண?”

“குருநாகலில. 2006. ஒரு டொக்டர் ஓடின கார் எண்டாங்க.”

“இது கடலுக்க கிடந்த கார். அப்ப நீல நிறம். இந்தப் பெட்டியக் காயவெச்சுப் பூட்டினது நான்.” மூடியைத் திருப்பிக் காட்டினான். “இது எண்ட கையெழுத்து.”

தங்கராசா குனிந்து இலக்கத்தைப் பார்த்தார்.

“இப்பிடி நிக்கும் எண்டு தெரிஞ்சா செஞ்ச?”

“ஓம். தெரியும்.”

தெருவில் பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. தங்கராசா திரும்பிப் போய் அதே டயரில் உட்கார்ந்தார்.

“ஹபரணையில தார் ரோட்டில முட்டுக்கால்ல வெச்சாங்க. கார் சீட்டெல்லாம் கழட்டி எறிஞ்சாங்க. என்ன சாமான் வெச்சிரிக்காய், எதுக்கு இஞ்ச நிப்பாட்டின எண்டு ஒரே கேள்வி. நிண்டிட்டுது எண்டு சொல்றன், திரும்ப ஸ்ராட் பண்ணச் சொல்றாங்க, பண்ணினா ஓடுது. இந்தக் காரை எண்ட தலையில கட்டினவனைக் கண்டா ஒரு அறை அறையணும் எண்டு நினைச்சிருக்கன். இப்ப கையத் தூக்க ஏலாமக் கிடக்கு.”

கடலில் போன மகள் அம்ஹாவைப் பற்றி ஜவுபர் சொல்லவில்லை. அதை இந்த இடத்தில் எடுத்துப் போடுவது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“வேற பெட்டி கிடைக்குமா?” என்று தங்கராசா கேட்டார்.

“நானே போய் எடுத்துட்டு வாறன்.”

வீட்டில் மைமூனாவிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மத்த முப்பத்தொம்பதும் எங்க ஓடுதோ,” என்று மட்டும் சொல்லி, கொழும்புப் பயணத்துக்கு அவனுடைய மற்றச் சட்டையைச் சுருக்கம் போக மினுக்கி வைத்தாள்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு பகல் அலைந்தான். பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் நீண்ட இலக்கத்தில் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று கையால் கியர் போடும் காருக்கானது. இன்னொன்றில் ஓர் எழுத்து வித்தியாசம். “அதெல்லாம் ஒண்டுதான், பூட்டுங்க,” என்றார் கடைக்காரர். மூன்றாவது பெட்டி இலக்கம் சரியாக இருந்தது. அதைத் திறந்து பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்று ஜவுபர் நின்றான். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருகாணிச் சாவியை எறிந்தார். பலகை பளபளவென்றிருந்தது. உப்பில்லை, களிம்பில்லை. ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறி, அந்தப் பெட்டி என்ன என்று ஆறு பேருக்கு விளங்கப்படுத்தி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

பூட்டுவதற்கு அரை மணித்தியாலம் ஆகவில்லை. முதலில் பற்றரி வயரைக் கழற்றினான். பிளக்குகளின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான், கம்பிகளிலும் உப்பு ஏறியிருந்த ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிந்து புதுக் கம்பி ஒட்டினான். பிறகு நபீலாவின் மெஷின். கால் மணித்தியாலம் சூடு பிடித்தும் இயந்திரம் நிற்கவில்லை. ஏ.சி.யைப் போட்டு அம்பாறை வரை போய்த் திரும்பினார்கள். கடை வாசலில் நிறுத்தியதும் தங்கராசா சொன்னார்:

“வியாழக்கிழமை போறன். நீயும் வா. உனக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும்தானே. நிண்டா நீதான் அவங்களுக்கு மறுமொழி சொல்லணும்.”

“வாறன்.”

வியாழக்கிழமை கார் நிற்கவில்லை. வெலிக்கந்தையிலும் நிற்கவில்லை. ஹபரணைச் சாவடி தெரிந்தபோது தங்கராசாவின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகியதை ஜவுபர் பார்த்தான். அவன் தன் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். சிப்பாய் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். மதவாச்சிக்கு அப்பால் வெளி வாகனங்களை விடவில்லை. காரை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்கள்.

முகாமின் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். பெயர் கூப்பிட்டு, ஆள் வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆனது. தக்சாயினி மூன்று வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளை அடையாளம் காணத் தங்கராசாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தகப்பனுக்கும் மகளுக்குமிடையில் இரண்டு கம்பி வேலிகள். ஜவுபர் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றான். ஆனாலும் இரைச்சலுக்கு மேலாக உரத்துக் கதைத்ததால் சிலது கேட்டது. மருமகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பால்மா வேண்டும், குளிக்கச் சவர்க்காரம் வேண்டும், பேன்சீப்பு ஒன்று வேண்டும்.

பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள்.

மதவாச்சியில் தங்கராசா கார்த் திறப்பை ஜவுபரிடம் நீட்டினார். “எனக்குக் கண் சரியாத் தெரியுதில்ல. நீ ஓடு.”

பொலன்னறுவை தாண்டும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்கவில்லை என்று மூச்சில் தெரிந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“சுனாமியில உனக்கு ஆரும் போனதா?”

“மகள். அம்ஹா. ஏழு வயசு.”

“அதுக்குப் பிறகுதானே இந்தக் காரத் திருத்தின.”

“ஓம். ரெண்டு மாசம் கழிச்சு.”

தங்கராசா எழுந்து நேராக உட்கார்ந்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை; ஜவுபரும் அதை எதிர்பார்க்கவில்லை. பாதையின் இருபுறமும் அறுத்த வயல்கள் காய்ந்து கிடந்தன. கொஞ்ச தூரம் போனதும் அவர் சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் எடுத்தார்.

“என்னென்ன கேட்டாள்? உனக்கும் கேட்டிருக்கும்தானே. எனக்கு ஒண்டும் நினைவில நிக்குதில்ல.”

“பால்மா,” என்றான் ஜவுபர். “சவர்க்காரம். பேன்சீப்பு.”

அவர் ஒவ்வொன்றாக எழுதினார். கார் ஆடியதால் எழுத்து கோணியது.

“பிள்ளைக்குச் செருப்பில்ல அண்ண,” என்றான் ஜவுபர். “கூட்டத்துக்க திரும்பிப் பாத்தன், கால் வெறுமையாத் தொங்கிச்சு.”

“என்ன அளவு எண்டு எழுத?”

ஜவுபர் யோசித்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் பாத அளவைக் காட்டினான்.