எட்டுப் பெட்டி வார்டு

2021 ஆகஸ்டில், நோய்த்தொற்று உச்சத்தில் இருந்தபோது, ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டியிருந்த ஒரு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் பதினோரே நாளில் ஒரு வார்டு எழும்பியது. சுவர், மின்கம்பி, ஆக்ஸிஜன் குழாய் எல்லாம் பாசிர் கூடாங் தொழிற்சாலையிலேயே பொருத்தி முடித்த எட்டு இரும்புப் பெட்டி அறைகள். டிரெய்லரில் கொண்டுவந்து, கிரேனில் இறக்கி, வரிசையாகப் பூட்டினார்கள். அறைக்கு இரண்டு கட்டில். மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறப்பதாக ஏற்பாடு.

பத்தரை மணிக்கு நர்மதா கையெழுத்துப் போட மறுத்தாள்.

குழாய்களைச் சோதிப்பது அவள் வேலை. உள்ளே காற்றை அடைத்து ஒரு மணி நேரம் விட்டால் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. ஒரு கோட்டளவு இறங்கியிருந்தது.

“காலையில மழை பேஞ்சுச்சுல்ல, குழாய் குளிர்ந்திருக்கும் லா,” என்றார் அவளுடைய மேலாளர் கனகராஜ். “அங்க அவசரப் பிரிவுல பதினாறு பேரு நாற்காலியில மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீ ஒரு கோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிற.”

“குளிர்னால இறங்குனா ஒரு இடத்துல நின்னுரும்ணே. இது நிக்கல.”

அவசரப் பிரிவின் பொறுப்புத் தாதி வெள்ளையம்மா வந்தார். முகக்கவசம் அழுத்தி மூக்கெலும்பின் மேல் தோல் உரிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் உயர்ந்தது.

“எங்கிட்ட சிலிண்டர் மூணு மணி நேரத்துக்குத்தாம்மா இருக்கு. சின்னக் கசிவுதானே? திறந்துட்டு அப்புறம் பாக்க முடியாதா?”

“ஆக்ஸிஜன் சுவருக்குள்ள சேரும் சிஸ்டர். ஒரு சுவிட்ச்சுல பொறி வந்தா போதும்.”

நர்மதா வரைபடத்தை விரித்தாள். நான்காவது அறைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு வால்வு இருந்தது. அதை மூடி, இரண்டு பாதியையும் தனித்தனியாகச் சோதித்தாள். முன்பாதி ஒரு மணி நேரமும் அசையாமல் நின்றது. கசிவு பின்பாதியில்தான்.

“இப்போதைக்கு எட்டுக் கட்டில் தரேன் சிஸ்டர்.”

“எட்டு,” என்றார் வெள்ளையம்மா. பதினாறு பேரில் எட்டுப் பேரைப் பொறுக்கியெடுக்க டாக்டரைத் தேடிப் போனார்.

மீதி எட்டுப் பேரில் ஒருத்தி கமலாட்சி. காஹாங் தோட்டத்திலிருந்து வந்தவள், ஐம்பது வயதிருக்கும். அவசரப் பிரிவின் வாசலோர நாற்காலியில் இருந்ததால் நர்மதா கடக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“தெரியலக்கா. பாத்துக்கிட்டிருக்கோம்.”

ஒவ்வொரு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனாள் நர்மதா. ஆறாவது அறையும் ஏழாவதும் சேருமிடத்தில் நுரை குமிழ் விட்டது. குனிந்து வெளியே பார்த்தாள். ஏழாவது பெட்டியின் ஒரு மூலை தார்த்தளத்தைத் தாண்டி ஈர மண்ணில் இரண்டு விரல்கடை இறங்கி, இணைப்புக் குழாயை இழுத்திருந்தது.

கனகராஜ் அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த மூலைக்குக் கல்லு போடாம விட்டது நான்தான்,” என்றார் கடைசியில். “நாள் போதலன்னு…” முடிக்காமல் கார்ச் சாவியை எடுத்தார். மாற்றுக் குழாய் பாசிர் கூடாங்கில்தான் இருந்தது.

அவர் போய்வருவதற்குள் ஆட்கள் ஜாக்கி வைத்துப் பெட்டியைத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு கொடுத்தார்கள். சிலிண்டர் லோரி இரண்டேகாலுக்கு வந்தது. கனகராஜ் நான்கு மணிக்குத்தான் திரும்பினார். புதுக் குழாயை நர்மதா தன் கையாலேயே பூட்டிக் காற்றை அடைத்தபோது நாலரை.

இருபது நிமிடத்தில் வெள்ளையம்மா வந்துவிட்டார். முள் அசையவில்லை.

“போதாதா?”

“இன்னும் நாப்பது நிமிஷம் சிஸ்டர்.”

“அந்த காஹாங் அம்மாவுக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கிட்டே போவுது. சிலிண்டர்ல கொடுக்கறது பத்தல.”

காலையிலும் முதல் இருபது நிமிடம் முள் அசையாமல்தான் நின்றிருந்தது. முடியாது என்று நர்மதா தலையை ஆட்டினாள். வெள்ளையம்மா ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

ஐந்தேகாலுக்கு அவசரப் பிரிவுப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அவள் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு முள் வைத்த இடத்திலேயே இருந்தது. நர்மதா கையெழுத்துப் போட்டாள். கட்டில்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. எண்ணினாள். ஏழு பேர்தான் வந்தார்கள்.

எல்லோருக்கும் குழாய் மாட்டிய பிறகு வெள்ளையம்மா அவளிடம் வந்தார்.

“நான் அப்பவே திறந்திருந்தா அந்தக்கா பொழைச்சிருப்பாங்களா சிஸ்டர்?”

ஆறுதல் சொல்ல வெள்ளையம்மாவுக்குத் தெரியாமலில்லை. சொல்லவில்லை.

“தெரியலம்மா. அவங்க மகன் வெளிய நிக்கிறான், நான் போயி பேசணும்,” என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். “நீ கேட்ட ஒரு மணி நேரத்தைத் தந்தது தப்புன்னு நான் நெனைக்கல. அது மட்டும் தெரியும்.”

நர்மதா படிக்கட்டில் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினாள். கனகராஜ் ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார்.