சினை என்று நம்பிய வயிறு

செவலைப் பசு படுத்தது, எழுந்தது, பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது. காலையிலிருந்து சாணி போடவில்லை. செந்தாமரை கொட்டகைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். ஒரகடம் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் டாக்டரோ என்று எட்டிப் பார்த்தாள். எல்லாம் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் ஷிப்டு பஸ்கள்.

“கன்னு போடப் போவுதோ இன்னாவோ,” என்றான் அவள் கணவன் முனிரத்தினம்.

கம்பெனி கேன்டீனில் மிஞ்சுவதை டெம்போவில் ஏற்றிப் போய்க் கொட்டுவது அவன் வேலை. கொட்டுவானேன் என்று தினமும் ஒரு டிரம் வீட்டுக்கு வந்துவிடும். சோறு, பூரி, எண்ணெய் மிதக்கும் குருமா. சினை ஊசி போட்ட பிறகு, ரெண்டு உசுராச்சே என்று இன்னொரு டிரம்மும் சேர்ந்துகொண்டது. பசு கொழுகொழுவென்று ஆனது. தெருவே மெச்சியது. சினை பிடித்ததா என்று பார்க்க மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. வளைகாப்பு வைக்காததுதான் பாக்கி!

கால்நடை மருத்துவர் கலைமதி வந்தார். தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தவரின் முகம் மாறியது.

“கன்னு இல்லீங்க. வயித்துக்குள்ள கொழுப்பு கட்டி கட்டியா இறுகி, குடலை நெருக்குது. ரத்தத்துலயும் கொழுப்பு அளவு மாறியிருக்கும், ரத்தம் எடுத்துப் பாக்கறேன்.”

செந்தாமரைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “பொயச்சுக்குமா டாக்டரம்மா?”

“இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. வலிக்கு ஊசி போடறேன். தேறிச்சுன்னா இனிமே டெம்போவுல நிக்குதே, அந்த டிரம் சோறு, எண்ணெய் எல்லாம் வேணாம். வைக்கோல், புல்லு அளவாப் போட்டு நடக்க விடுங்க.”

“எங்க நடக்க வுடறது? மேய்ஞ்ச எடமெல்லாம் காம்பவுண்டு கட்டிக்கினானுங்க,” என்று எரிந்து விழுந்தான் முனிரத்தினம்.

டாக்டர் போன பிறகும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைய டிரம் டெம்போவில் அப்படியே இருந்தது. “வீணாப் பூடும். பக்கத்து வூட்டு மாட்டுக்காவது ஊத்திட்டு வரேன்.”

கொட்டகையில் பசு மறுபடியும் தொப்பென்று விழுந்து படுத்தது. செந்தாமரை ஓடிவந்து டெம்போவை மறித்து நின்றாள்.

“மாட்டு வயிறு இன்னா குப்பைத்தொட்டியாய்யா? நமக்கு வேணாம்னதை அதும் வாயில கொட்டிட்டு, பாசமா வளக்கறோம்னு பெருமை பேசிக்கினு இருந்தோம். போதும்னு சொல்ல அதுக்குத் தெரியாது. எது ஆவும், எது ஆவாதுன்னு கேட்டுப் போடறதுதான்யா பாசம்!”